கம்ப்ரஸர் மாத்தணும்னு சொன்னா உடனே தலையாட்டாதீங்க: 41,300 ரூபாய்க்கு நான் கத்துக்கிட்ட பாடம்



வழக்கமா இங்க டேக்ஸ், மியூச்சுவல் ஃபண்ட், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னிக்கு கார் ஏசி கம்ப்ரஸர். "சார், நீங்க ஆடிட்டரா மெக்கானிக்கா?"ன்னு கேக்கறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இதுவும் பணத்தப் பத்தின பதிவுதான். அதுவும் என் வீட்ல, என் தப்பால போன பணம்.

போன வருஷம் செப்டம்பர் மாசம் கடைசி வாரம். எங்க தொழில்ல அந்த வாரம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். டேக்ஸ் ஆடிட் ரிப்போர்ட் 30ஆம் தேதிக்குள்ள ஏத்தணும். ஆபீஸ்ல எல்லாரும் டீயிலயும் பிஸ்கட்லயும் உயிர் வாழ்ற நேரம். அப்போ திருச்சியிலிருந்து அப்பா போன் பண்ணார். அவர் ஓய்வு பெற்ற ஸ்கூல் வாத்தியார். 2016ல வாங்கின ஒரு சின்ன பெட்ரோல் கார் வச்சிருக்கார்.

"தம்பி, கார்ல ஏசி போட்டா கரகரன்னு ஒரு சத்தம். ஒர்க் ஷாப்ல காட்டினேன். கம்ப்ரஸர் போச்சுங்கறாங்க. நாப்பத்தொண்ணு ஆகுமாம். மாத்திடவா?"

நான் ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே சொன்னேன்: "மாத்திடுங்கப்பா. இந்த வெயில்ல ஏசி இல்லாம எப்படி?"

முப்பது செகண்ட் கூட ஆகல. 41,300 ரூபாய் செலவுக்கு நான் ஓகே சொல்லிட்டேன்.

அதே நாள் சாயங்காலம் ஒரு கிளையண்ட்டோட கணக்குல 12,000 ரூபாய் ரிப்பேர் செலவு இருந்தது. வவுச்சர் இல்ல. "வவுச்சர் இல்லாம இதை ஏத்துக்க முடியாது சார்"னு கறாரா சொல்லி திருப்பி அனுப்பினேன். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா இப்பவும் எனக்கு வெக்கமா இருக்கு.

பதினோரு நாள் கழிச்சு அதே சத்தம் திரும்ப வந்தது.

அப்பா திரும்ப அதே இடத்துக்குப் போகல. அக்கம்பக்கத்துல விசாரிச்சு உறையூர் பக்கம் ஒரு சின்ன ஏசி கடைக்குப் போனார். அங்க இருந்தவர் முதல்ல ஏசியை ஆஃப் பண்ணச் சொல்லி அஞ்சு நிமிஷம் சும்மா நின்னு கேட்டாராம். அப்புறம் பெல்ட்டைக் கழட்டி ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்திப் பாத்தார். பெல்ட்டைத் தாங்கிப் பிடிக்கிற ஐட்லர் புல்லியோட பேரிங் தேஞ்சு போயிருந்தது. கையால சுத்தும்போதே கரகரன்னு சத்தம். புது புல்லி, கூலி எல்லாம் சேத்து 1,850 ரூபாய். சத்தம் அன்னியோட போச்சு.

அப்போ கம்ப்ரஸர் மாத்தினதும் பதினோரு நாள் சத்தம் எப்படி இல்லாம இருந்தது? புது பெல்ட் போட்டிருக்காங்க. பெல்ட் டென்ஷன் மாறினதால கொஞ்ச நாள் சத்தம் அமுங்கிக் கிடந்திருக்கு. அவ்வளவுதான். பழைய கம்ப்ரஸர் நல்லா இருந்ததான்னு சோதிக்கவும் வழியில்ல. அதை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கிட்டாங்க.

இதுக்கு மேலதான் எனக்கு வலிச்சது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? அம்மாவோட கண்புரை ஆபரேஷனுக்குன்னு போட்டு வச்சிருந்த 50,000 ரூபாய் எஃப்.டி. அதை முன்னாடியே உடைச்சதுல வட்டியும் குறைஞ்சது. அப்பா என்கிட்ட பணம் கேக்கல, கேக்கற ஆளும் இல்ல. நவம்பர்ல ஊருக்குப் போனப்பதான் ஆபரேஷன் தள்ளிப்போன விஷயமே எனக்குத் தெரிஞ்சது. அம்மாகிட்ட கேட்டா, "கண்ணு எங்க ஓடிப்போகப் போகுது, மெதுவா பண்ணிக்கலாம்"னு சிரிச்சாங்க.

அதுக்கப்புறம் இந்த விஷயத்தை உக்காந்து படிச்சேன். ரெண்டு மூணு ஏசி மெக்கானிக்குங்க கூட நின்னு பாத்தேன். அதுல எனக்கு வந்த கருத்தைத்தான் இங்க எழுதறேன்.

என் கருத்து ஒரே வரியில

நோயைக் கண்டுபிடிக்கிற வேலைக்குத் தனியா காசு குடுங்க. மருந்து விக்கிறவரோட லாபத்துல அதை ஒளிச்சு வைக்காதீங்க.

நம்ம பழக்கம் எப்படின்னு யோசிச்சுப் பாருங்க. "செக் பண்றதுக்கு காசா?"ன்னு சண்டை போடுவோம். லேபர்ல 200 ரூபாய் குறைக்கச் சொல்லி பேரம் பேசுவோம். ஆனா ஸ்பேர் பார்ட்ஸ் விலை என்னன்னு கேக்காம குடுத்துடுவோம். அப்போ ஒர்க் ஷாப் எதுல சம்பாதிக்கும்? பார்ட்ஸ்லதான். ஒரு மணி நேரம் நின்னு, பெல்ட்டைக் கழட்டி, சத்தம் எங்கிருந்து வருதுன்னு தேடினா அவருக்கு கிடைக்கிறது 1,850 ரூபாய் பில்லு. "கம்ப்ரஸர்"னு ஒரு வார்த்தை சொன்னா 41,300 ரூபாய் பில்லு. அவர் கெட்டவரா இருக்கணும்னே அவசியமில்ல. நாம உருவாக்கி வச்சிருக்கிற முறை அவரை அந்தப் பக்கம்தான் தள்ளுது.

இது உங்களுக்குப் பழகின கதைதான். "ஃப்ரீ அட்வைஸ்" குடுக்கிற ஏஜென்ட் எந்த பாலிசியை உங்க தலையில கட்டுவார்? அவருக்கு கமிஷன் அதிகம் வர்றதை. மியூச்சுவல் ஃபண்ட்ல ரெகுலர் பிளான், டைரக்ட் பிளான் வித்தியாசத்தை நான் எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! ஆலோசனைக்கு ஃபீஸ் வாங்கறவர் வேற, விக்கிறதுல கமிஷன் வாங்கறவர் வேற. கார் பானெட்டுக்குக் கீழயும் அதே நியாயம்தான்.

கணக்கு போட்டுப் பாத்துடலாமா?

செக் பண்றதுக்கு மட்டும் 1,000 ரூபாய் குடுக்கறீங்கன்னு வச்சுக்கோங்க. எங்க வீட்டுக் கணக்குப்படி தப்பான முடிவோட விலை 41,300, சரியான முடிவோட விலை 1,850. வித்தியாசம் 39,450.

நூறு பேர் ஆளுக்கு 1,000 ரூபாய் குடுத்து செக் பண்ணா மொத்தம் 1,00,000 செலவு. அதுல மூணே மூணு பேருக்கு மட்டும் "கம்ப்ரஸர் நல்லாதான் இருக்கு, வேற சின்ன பிரச்சினை"ன்னு தெரிஞ்சாகூட மிச்சமாகிறது 1,18,350. அதாவது உங்க மெக்கானிக் நூத்துக்கு 97 தடவை சரியா சொல்றவரா இருந்தாலும் அந்த 1,000 ரூபாய் லாபம்தான். இதை விட மலிவான இன்சூரன்ஸ் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

நிஜ இன்சூரன்ஸ் பத்தியும் சொல்லிடறேன். உங்க சாதாரண காம்ப்ரிஹென்சிவ் மோட்டார் பாலிசியில தேய்மானமும், மெக்கானிக்கல் பிரேக்டவுனும் கவர் ஆகாது. சத்தம் போடற கம்ப்ரஸருக்கு க்ளெய்ம் கிடைக்கும்னு நம்பி உக்காராதீங்க. எக்ஸ்டெண்டட் வாரண்டி வாங்கியிருந்தா மட்டும் அந்த பேப்பரை எடுத்து கம்ப்ரஸர் லிஸ்ட்ல இருக்கான்னு பாருங்க.

மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி நீங்களே பண்ண வேண்டிய சோதனை

எங்களுக்கு எஸ்.ஏ. 500னு ஒரு ஆடிட்டிங் ஸ்டாண்டர்ட் இருக்கு. ஆடிட்டர் கருத்து சொல்றதுக்கு முன்னாடி போதுமான, பொருத்தமான ஆதாரம் சேகரிக்கணும்கிறதுதான் அதோட சாரம். கார் சத்தத்துக்கும் இதையே பிடிச்சுக்கலாம். ஒரு ஸ்பேனர் கூட வேணாம். காது போதும்.

முதல்ல ஒரு அடிப்படை விஷயம். கம்ப்ரஸர் இன்ஜினோட பெல்ட்ல ஓடுது. அதோட முகப்புல ஒரு புல்லி இருக்கும். ஏசி ஆஃப்ல இருந்தாலும் இன்ஜின் ஓடற வரைக்கும் அந்தப் புல்லி சுத்திக்கிட்டேதான் இருக்கும். நீங்க ஏசி போட்டதும் ஒரு காந்த கிளட்ச் "டக்"குன்னு ஒட்டும். அப்போதான் கம்ப்ரஸரோட உள்பகுதி வேலை செய்ய ஆரம்பிக்கும். அந்த ஒரு "டக்" சத்தம் இயல்பானது, அதுக்குப் பயப்பட வேணாம். சில புது மாடல்கள்ல இந்த கிளட்ச் இருக்காது, கம்ப்ரஸர் எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த மாதிரி வண்டியில கீழ சொல்ற ஆன், ஆஃப் சோதனை அவ்வளவு தெளிவா பதில் சொல்லாது.

சமதளத்துல வண்டியை நிறுத்தி, கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் போட்டு, பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓட விடுங்க. வேட்டி நுனி, துப்பட்டா, தொங்கற ஐடி கார்டு எதுவும் பெல்ட் பக்கம் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் திடீர்னு தானா ஓடும், கையை உள்ள விடாதீங்க. ஒருத்தர் உள்ள உக்காந்து ஏசியை ஆன், ஆஃப் பண்ணட்டும். நீங்க வெளிய நின்னு கேளுங்க.

- ஏசி ஆஃப்லயும் சத்தம் வருது: கம்ப்ரஸரோட உள்பகுதி மேல சந்தேகம் குறையுது. கம்ப்ரஸர் புல்லி பேரிங், ஐட்லர், டென்ஷனர், ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப்னு பெல்ட் தொடற எதுவா வேணாலும் இருக்கலாம்.

- ஏசி போட்டா மட்டும் வருது, ஆஃப் பண்ணா சுத்தமா நிக்குது: கம்ப்ரஸர், கிளட்ச் பக்கம் சந்தேகம் கூடுது. ஆனா தீர்ப்பு இன்னும் வரல. கேஸ் அதிகமா ஏத்தியிருந்தாலும், கண்டன்ஸர் ஃபேன் ஓடாம இருந்தாலும் பிரஷர் ஏறி கம்ப்ரஸர் முனகும். கம்ப்ரஸரைப் பிடிச்சிருக்கிற போல்ட்டு லூசா இருந்தாலும் இப்படி அதிரும்.

- ஆஃப்ல லேசா இருக்கு, ஆன் பண்ணா கூடுது: இதுதான் ஆளை ஏமாத்தற கேஸ். எங்க அப்பா வண்டியும் இதேதான். ஏசி போட்டதும் பெல்ட் மேல லோடு கூடும், தேஞ்ச பேரிங் எதுவா இருந்தாலும் அதிகமா கத்தும். "ஏசி போட்டா சத்தம் வருது"ன்னு நாமளே போய்ச் சொல்லிடறோம். அவரும் "கம்ப்ரஸர்"ங்கறார். ஆஃப்ல இருந்த அந்த லேசான சத்தத்தை யாரும் காது குடுத்துக் கேக்கல.

- சத்தம் காருக்குள்ள இருந்து வருது: இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாம, சாவியை மட்டும் ஆன்ல வச்சு ப்ளோயரை 1, 2, 3, 4ன்னு மாத்திப் பாருங்க. ப்ளோயர் வேகத்தோட சத்தமும் மாறினா அது கம்ப்ரஸரே இல்ல. வேப்பமரத்தடியில வண்டி நிறுத்தறவங்களுக்கு ஒரு காஞ்ச இலை ப்ளோயருக்குள்ள விழுந்தாலே போதும், டிக்டிக்னு அடிச்சுக்கிட்டே இருக்கும்.

சத்தத்தோட ரகமும் சாட்சி சொல்லும். கீச்சுன்னு கத்தினா பெரும்பாலும் பெல்ட் வழுக்குது. கரகரன்னு அரைச்சா பேரிங். ஏசி ஆன்ல மட்டும் கடகடன்னு இரும்பு தட்டற மாதிரி வந்தா உள்பகுதி இல்லன்னா கிளட்ச். ஏசியை ஆஃப் பண்ணதும் கொஞ்ச நேரம் உஸ்ஸுன்னு வந்தா, பிரஷர் ரெண்டு பக்கமும் சமமாகுது, அது நோய் இல்ல.

இதையெல்லாம் போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சுக்கோங்க. ஒர்க் ஷாப் போனதும் சத்தம் நின்னுடும், நமக்குத் தெரியாதா என்ன? பல் வலிக்கு டாக்டர் வாசல்ல நிக்கும்போது வலி போற மாதிரிதான்.

மெக்கானிக் செய்ய வேண்டிய சோதனை

1,000 ரூபாய் குடுத்தா என்னென்ன எதிர்பாக்கலாம்? நான் நாலு கேப்பேன்.

ஒண்ணு, பெல்ட்டைக் கழட்டி ஒவ்வொரு புல்லியையும் கையால சுத்திப் பாக்கணும். அரைக்குதா, ஆடுதான்னு விரலுக்கே தெரியும். பெல்ட் இல்லாம இன்ஜினை சில செகண்ட் ஓட விட்டுப் பாத்தா, சத்தம் பெல்ட் சம்பந்தப்பட்டதா இல்லையான்னு முடிவாகிடும். வாட்டர் பம்பும் அதே பெல்ட்ல இருந்தா அதிக நேரம் ஓட விடக் கூடாது. இது அவர் செய்ய வேண்டிய வேலை, நீங்க வீட்ல முயற்சி பண்ணாதீங்க.

ரெண்டு, ஸ்டெதாஸ்கோப் மாதிரி கருவியோ, நீளமான ஸ்க்ரூடிரைவரோ வச்சு எந்த இடத்துல சத்தம் அதிகம்னு கேக்கணும்.

மூணு, கேஜ் மாட்டி பிரஷர் பாக்கணும். வழக்கமா நம்ம ஊரு கார்கள்ல இருக்கிற ஆர் 134ஏ கேஸ்ல, நல்ல வெயில் நாள்ல, லோ சைடு சுமார் 30 முதல் 45 பிஎஸ்ஐ, ஹை சைடு சுமார் 200 முதல் 275 பிஎஸ்ஐ வரைக்கும் நிக்கும். வெளி வெப்பத்தைப் பொறுத்து முன்னப்பின்ன இருக்கும். இதை ஒரு பேலன்ஸ் ஷீட் மாதிரி படிக்கலாம். ரெண்டும் குறைவு: கேஸ் குறைவு, எங்கயோ லீக். ரெண்டும் அதிகம்: கேஸ் அதிகம், இல்லன்னா கண்டன்ஸர் ஃபேன், கண்டன்ஸர் அழுக்கு. லோ சைடு அதிகம், ஹை சைடு குறைவு, ரெண்டு முள்ளும் கிட்டகிட்ட வருதுன்னா கம்ப்ரஸர் பம்ப் பண்ணல. உள்பகுதி போயிருக்கிறதுக்கு இது வலுவான ஆதாரம்.

நாலு, கேஸை மெஷின்ல இழுத்து எடை போட்டு, பானெட்டுக்குக் கீழ ஸ்டிக்கர்ல போட்டிருக்கிற கிராமோட ஒப்பிடணும். "கேஸ் டாப் அப்"னு கண்ணளவுல ஏத்தறது கண்ணை மூடிக்கிட்டு கையெழுத்து போடற மாதிரி. கேஸ் குறைஞ்சா அதோட சேந்து சுத்த வேண்டிய ஆயிலும் கம்ப்ரஸருக்கு சரியா திரும்பாது. அதிகமானா பிரஷர் ஏறும். ரெண்டுமே கம்ப்ரஸருக்கு எமன். பெட்ரோல் மாதிரி கேஸ் செலவாகற பொருளும் இல்ல. வருஷா வருஷம் ஏத்த வேண்டியிருந்தா லீக்கைக் கண்டுபிடிங்க.

சின்ன செலவுதான் அவசரம், பெரிய செலவு காத்திருக்கும்

இது கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா முக்கியமான விஷயம்.

ஏசி ஆஃப்லயும் வர்ற சத்தம் பெரும்பாலும் பேரிங் சத்தம், மலிவான ரிப்பேர். "ஏசி போடலன்னா பரவால்ல"ன்னு அதை விடக் கூடாது. அந்தப் புல்லி எப்பவும் சுத்துது. பேரிங் இறுகி நின்னா பெல்ட் கருகும், அறுந்தும் போகும். அதே பெல்ட்ல ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் இருந்தா நடு ரோட்ல வண்டி நின்னுடும், இன்ஜினே சூடாகும். ஐநூறு, ஆயிரம் ரூபாய் பேரிங்குக்காக இன்ஜினைப் பணயம் வைக்காதீங்க.

ஆனா கிளட்ச் இருக்கிற வண்டியில, ஏசி போட்டா மட்டும் சத்தம்னா, ஏசியை ஆஃப் பண்ணிட்டா கம்ப்ரஸரோட உள்பகுதி சும்மா நிக்கும். வேர்க்கும், ஜன்னலைத் திறக்கணும், அவ்வளவுதான். ரெண்டாவது கருத்து கேக்க, விலை விசாரிக்க உங்களுக்கு ஒரு வாரம் இருக்கு. "இப்பவே மாத்தலன்னா இன்ஜின் போயிடும் சார்"னு யாராவது அவசரப்படுத்தினா, எப்படின்னு விளக்கச் சொல்லுங்க.

ஆனா ஒண்ணு. சத்தத்தோடயே ஏசியை ஓட்டிக்கிட்டு இருக்காதீங்க. உள்பகுதி உடைஞ்சா இரும்புத் துகள் கேஸோட கலந்து கண்டன்ஸர், எக்ஸ்பேன்ஷன் வால்வு வரைக்கும் போகும். இப்போ வர்ற கண்டன்ஸர்கள்ல குழாய் ரொம்பச் சின்னது, கழுவினா துகள் முழுசா வராது, அதையும் மாத்தணும். அப்போ 41,000ல முடியற கதை இல்ல. தேவையில்லாம மாத்தறது ஒரு நஷ்டம்னா, தேவைப்பட்டும் தள்ளிப் போடறது அதை விடப் பெரிய நஷ்டம்.

கம்ப்ரஸர் நிஜமாவே போயிருந்தா

சரி, ஆதாரம் எல்லாம் கம்ப்ரஸரைத்தான் காட்டுது. அப்போ மனசை வருத்திக்காம மாத்துங்க, ஆனா கேள்வி கேட்டு மாத்துங்க.

முதல் கேள்வி: "முழு கம்ப்ரஸர் வேணுமா, புல்லி பேரிங்கோ கிளட்ச் கிட்டோ மட்டும் போதுமா?" நிறைய கம்ப்ரஸர்ல இதெல்லாம் தனியா கிடைக்கும். கை போற அளவுக்கு இடமிருந்தா கேஸ் லைனைத் திறக்காமலேயே முன்பக்கமா மாத்தவும் முடியும். கிளட்ச் இடைவெளி அதிகமாகியிருந்தா ஒரு மெல்லிய ஷிம்மை எடுத்து சரி பண்ற வேலையாக்கூட இருக்கலாம்.

ரெண்டாவது கேள்வி: "எஸ்டிமேட்ல என்னென்ன இருக்கு?" வெறும் "கம்ப்ரஸர் வேலை"ன்னு ஒரு வரி போட்டா ஏத்துக்காதீங்க. ரிசீவர் டிரையர், ஓ ரிங், லைன் ஃப்ளஷ், ஆயிலோட ரகமும் மில்லி அளவும், குறைஞ்சது அரை மணி நேர வேக்யூம், கேஸ் எத்தனை கிராம், எல்லாம் தனித்தனியா வேணும். டிரையரை மாத்தாம, ஃப்ளஷ் பண்ணாம புது கம்ப்ரஸர் மட்டும் போட்டா, பழைய குப்பை புதுசையும் தின்னும். அஞ்சாயிரம் மிச்சம் பண்ணி முப்பதாயிரத்தை விடற கணக்கு அது.

மூணாவது கேள்வி: "கம்பெனி பார்ட்டா, வெளி பிராண்டா, ரீபில்டா?" சென்னையில ஜி.பி. ரோடுல ஒரு விலை, புதுப்பேட்டையில பழைய பார்ட் வேற விலை. என் கணக்கு இது: வண்டியை இன்னும் அஞ்சு வருஷம் வச்சிருப்பீங்கன்னா வாரண்டியோட புதுசு. ஒரு வருஷத்துல விக்கப் போறீங்கன்னா, எழுத்துல வாரண்டி குடுக்கிற ரீபில்ட் போதும். வாரண்டி இல்லாத பழைய பார்ட் எவ்வளவு மலிவா இருந்தாலும் எனக்கு வேணாம். கூலியும் கேஸும் ரெண்டாவது தடவை குடுக்க வேண்டி வரலாம்.

நாலாவது, பழைய பார்ட்டைக் காட்டச் சொல்லுங்க. எக்ஸ்சேஞ்சுல குடுக்கிறதா இருந்தாலும் முதல்ல உங்க முன்னாடி கையால சுத்திக் காட்டட்டும், உள்ள இருக்கிற ஆயிலை வெள்ளைத் துணியில ஊத்திக் காட்டட்டும். இரும்புத் துகள் மினுக்கினா, முடிவு சரின்னு நிம்மதி.

கடைசியா, பில்லு. "பில் வேணாம்னா ஜிஎஸ்டி மிச்சம் சார்"னு சொல்வாங்க. லேபர் மேல மட்டும் 18% போகுது, ஆசையாத்தான் இருக்கும். ஆனா பில் இல்லன்னா வாரண்டி இல்ல, நாளைக்கு எங்க போய்க் கேப்பீங்க? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் குடுக்க மறுக்கிறதே நியாயமற்ற வணிக நடைமுறை. தகராறு வந்தா 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. மாவட்ட ஆணையத்துல, நீங்க குடுத்த தொகை 5 லட்சம் வரைக்கும்னா புகார் கட்டணமே இல்ல. நாங்க அதைச் செய்ய முடியல. ஏன்னா அப்பா கையில இருந்தது ஒரு கையெழுத்து எஸ்டிமேட் மட்டும்தான். ஆடிட்டர் வீட்ல!

"இதெல்லாம் ஓவரா இல்லையா சார்?"

இதை என் ஃபிரெண்ட்ஸ்கிட்ட சொன்னப்போ வந்த கேள்விகள் ரெண்டு.

"புது கம்ப்ரஸர் இருக்குல்ல, அது வீண் இல்லையே?" பாதி நியாயம். அந்த வண்டியில இப்போ புது கம்ப்ரஸர் ஓடுதுங்கிறது உண்மை. ஆனா நாலு வருஷம் கழிச்சு வந்திருக்கக் கூடிய செலவை, வராமலேயே போயிருக்கக் கூடிய செலவை, அம்மாவோட ஆபரேஷன் பணத்துல இன்னிக்கே பண்ணிட்டோம். பணம் எவ்வளவு போச்சுங்கிறதை விட எந்தப் பணம், எப்போ போச்சுங்கிறதுதான் பெருசு.

"மெக்கானிக்கை நம்பாம எப்படி?" நம்புங்க. நான் என் கிளையண்ட்டை நம்பறேன், இருந்தும் வவுச்சர் கேக்கறேன். அது அவமானம் இல்ல, வேலை முறை. உறையூர்ல 1,850 ரூபாய் வாங்கினவரும் மெக்கானிக்தான். அவர் நெனச்சிருந்தா "புது கம்ப்ரஸர்ல குறை"ன்னு இன்னொரு கதை கட்டியிருக்கலாம். தேடின நேரத்துக்கு அவர் தனியா ஒரு ரூபாய் கூட கேக்கல. அது நமக்கு சந்தோஷம், ஆனா அவருக்கு நியாயம் இல்ல. இப்படிப்பட்டவங்க பிழைக்கணும்னா தேடறதுக்கு நாம காசு குடுத்துத்தான் ஆகணும்.

இன்னிக்கே பண்ண வேண்டியது

காருக்குன்னு தனியா ஒரு ஆர்.டி. ஆரம்பிங்க. அஞ்சு வயசு தாண்டின வண்டின்னா மாசம் 2,000 ரூபாய் எடுத்து வைங்க. வருஷத்துக்கு 24,000. சர்வீஸ், டயர், பேட்டரி, ஏசி எல்லாம் அதுல இருந்து போகட்டும். எமர்ஜென்சி ஃபண்டுங்கிறது வேலை போனா, உடம்புக்கு வந்தா எடுக்கற பணம். கார் ரிப்பேர் எமர்ஜென்சி இல்ல. எப்போன்னு தெரியாது, ஆனா வரும்னு நல்லாவே தெரியும்.

இன்னொண்ணு என்னை மாதிரி வெளியூர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கு. அப்பா அம்மா போன் பண்ணி "மாத்திடவா?"ன்னு கேட்டா, அவங்க கேக்கறது அனுமதி இல்ல. "கொஞ்சம் கூட நின்னு யோசி"ன்னு கேக்கறாங்க. நான் 30 செகண்ட் குடுத்தேன். பத்து நிமிஷம் குடுத்திருந்தா, "ஏசி ஆஃப் பண்ணா சத்தம் நிக்குதாப்பா?"ன்னு ஒரு கேள்வி கேட்டிருந்தா போதும்.

அம்மாவுக்கு டிசம்பர்ல ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சது. இந்த தடவை பில் நான் கட்டினேன், அப்பா கோவிச்சுக்கிட்டார், அது வேற கதை.

போன மாசம் அப்பா திரும்ப போன் பண்ணார். "தம்பி, கார்ல ஒரு சத்தம்." எனக்கு பக்குனு ஆச்சு. அவரே தொடர்ந்தார்: "பயப்படாத. இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே வருது. ப்ளோயர் 1ல வச்சா மெதுவா, 4ல வச்சா வேகமா டிக்டிக்குங்குது. வேப்பிலையாத்தான் இருக்கும், கேபின் ஃபில்டரைக் கழட்டிப் பாக்கறேன்."

வேப்பிலைதான். செலவு பூஜ்யம்.

உங்க வண்டியில இப்படி எதாவது மாத்தி, அப்புறம் "அது இல்ல, இது"ன்னு தெரிஞ்ச அனுபவம் இருந்தா எவ்வளவு போச்சு, என்ன கத்துக்கிட்டீங்கன்னு எழுதுங்க. அடுத்த வீடியோல கார் ஆர்.டி. கணக்கை எக்ஸெல்ல போட்டுக் காட்டறேன். அது வரைக்கும், எஸ்டிமேட்ல தலையாட்டறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் காது குடுங்க.